சீவிய உரித்து

செப். 3, புதன்

காலையிலிருந்து காற்று. மழை இல்லை. காயப்போட்ட துணி இரண்டு தரம் பக்கத்து வீட்டு மதிலில்.

வீட்டுக்காரரின் மகன் வந்தார். மாதக் கடைசிக்குள் வீட்டை விட வேண்டுமாம். உடைத்துக் கட்டப் போகிறார்கள். "அங்கிள் இருந்திருந்தா இப்பிடி அவசரப்படுத்த மாட்டன் அன்ரி." என் கணவர் இருந்திருந்தால் இந்தப் பேச்சை எடுக்கவே பயம் இருந்திருக்கும். அதைத்தான் அப்படிச் சொன்னார்.

அவர் செத்துப் பத்து மாதம். கொட்டாஞ்சேனையில் இதே வாடகை வீட்டில் இருபத்தாறு வருடம். சொந்த வீடு, சொந்த வீடு என்று துறைமுகத்தில் வேலை செய்த காலம் முழுக்கச் சொன்னார். அந்த வேலைக்கு உரிய பணம் இப்போதுதான் கைக்கு வந்தது. வீடு பார்க்க நான் மட்டும்.

வாங்க: மெழுகுதிரி, சீனி, கயிறு. பழைய பேப்பர் கேட்க.

செப். 5, வெள்ளி

வெள்ளவத்தைக்குப் போனேன். பஸ்ஸில் வாய் தன்பாட்டில் "வெள்ளவத்த தெகக்" என்று சிங்களத்தில் இரண்டு டிக்கட் கேட்டுவிட்டது. கொண்டக்டர் பக்கத்துச் சீற்றைப் பார்த்து, "கோ அனித் எக்கெனா?" மற்ற ஆள் எங்கே என்று. நான் பையைத் தூக்கி அந்தச் சீற்றில் வைத்தேன்.

லேன் முனையில் வீட்டுப் புரோக்கர் நின்றார், முஸ்லிம் ஆள், எல்லாருக்கும் நானா. கடலுக்கு இறங்கும் லேன். எதிரே டியூசன் வகுப்பு, வாசல் நிறையச் செருப்பு. மேல் மாடியில் கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் வாடகைக்கு. கீழ்வீடுதான் விற்பனைக்கு. இரண்டு அறை, குசினி, பின்னால் துணி காயப்போட இடம். சுவரைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவர் என் கணவர். எனக்குத் தெரியாது. சும்மா தட்டினேன்.

சொந்தக்காரி சிவராணி. மகனோடு இருக்க லண்டன் போகிறாராம். பின்னறையில் அவருடைய அக்கா, மங்கை. எழுபது இருக்கும், கலியாணம் செய்யவில்லை. முதல் வார்த்தையே, "குசினி யன்னலை நாலு மணிக்குச் சாத்திப் போடுங்கோ. உப்புக்காத்து அடுப்பைத் தின்னும்."

நானா சாமி அறையைக் காட்டினார். "இதில நீங்க மாதாவ வைங்க தங்கச்சி. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க."

"எங்கட பிள்ளையாரும் கோவிக்க மாட்டார், இடம் விட்டுத்தான் போறார்" என்று மங்கை அக்கா. எல்லாரும் சிரித்தோம். நானும்.

வீடு பிடித்திருக்கிறது. வேறு எவருக்கும் பிடிக்க வேண்டியதில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

செப். 9, செவ்வாய்

புழுக்கம். முழங்கால் நோ.

இத்தாலியிலிருந்து மகள் மெலனி போனில். "அத விடாதீங்கம்மா. கடல், கோயில், கடை எல்லாம் பக்கம். தனியா இருக்கிறதுக்கு அதுதான் நல்லம்." தனியா என்றதும் அவளே அவசரமாக வேறு கதைக்குப் போய்விட்டாள்.

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு பழைய உறுதியைப் பார்த்திருக்கிறார். வீட்டைத் தகப்பன் சிவராணிக்கு எழுதிய போது மங்கை அக்காவுக்குச் சீவிய உரித்து வைத்திருக்கிறார். உயிரோடு இருக்கும் வரைக்கும் அக்கா அந்த வீட்டில் இருக்கலாம். யாரும் எழுப்ப முடியாது. அக்கா அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்தால்தான் வீடு எனக்கு முழுசாக வரும்.

சிவராணி போனில், "அக்கா வைப்பா. இரத்மலானையில முதியோர் இல்லத்தில இடம் சொல்லியாச்சு. நல்ல காத்தோட்டமான இடம்."

சரி என்றேன்.

செப். 12, வெள்ளி

அலுமாரி வைக்க அளவெடுக்கப் போனேன். சிவராணி வெளியே. மங்கை அக்கா இஞ்சி போட்ட பிளேன்ரீ தந்தார். அளவு நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட அலுமாரியை முன்னறையில வையுங்கோ ரோசி. பின்னறையில என்ர கட்டில் நிக்குதல்லோ."

"நீங்க இங்கயா அக்கா?"

"பின்னை? அப்பா எழுதி வைச்சவர், சீவிய உரித்து. வீடு ஆரின்ர கைக்குப் போனாலும் நானும் அதோட. என்னையும் சேத்துத்தான் வாங்கிறீங்கள், வடிவாப் பாத்து வாங்குங்கோ." சிரிக்கிறார். "ராணி சொன்னவள், வீடு கைமாற நானும் ஒரு கையெழுத்து வைக்கோணுமாம். வைக்கிறன். எனக்கென்ன."

நான் நாடாவைச் சுருட்டினேன். 4 அடி, ஆறரை அடி என்று எழுதி வந்திருக்கிறேன். எது அகலம், எது உயரம் தெரியவில்லை.

செப். 14, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் விழவில்லை.

கையெழுத்து எதற்கு என்று மங்கை அக்காவுக்குத் தெரியாது என்று நானாவிடம் சொன்னேன். "அது அவங்கட குடும்ப விசயம் தங்கச்சி. நாம வீடு வாங்கப் போறோம், சண்டை வாங்கப் போகல்ல."

உண்மைதான். நான் பேசாமல் இருந்தால் போதும். புதன்கிழமை கையெழுத்து.

மத்தியானம் சமைக்கவில்லை. பாணும் சம்பலும்.

செப். 17, புதன்

நொத்தாரிசு கந்தோர். நானும் நானாவும் ஒரு பக்கம், அவர்கள் இரண்டு பேரும் மற்றப் பக்கம். நொத்தாரிசு ஐயா இங்கிலீசில் கடகடவென்று வாசித்தார். "விளங்கிச்சுதா?" என்றார். மங்கை அக்கா, "ஓம், ஓம்."

அக்கா கையெழுத்து வைக்கும் இடத்தில் பென்சிலால் சின்னச் சிலுவை. என் கணவர் செத்த பிறகு துறைமுகக் கந்தோரில் எனக்கும் அப்படித்தான் சிலுவை போட்டு வைத்திருந்தார்கள். சிலுவை கண்ட இடமெல்லாம் வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனையை எடுத்தார்.

"அக்கா, இதில வைச்சா உங்கட சீவிய உரித்து இல்லாமப் போகும். இரத்மலானையில இடம் எடுத்திருக்காங்க உங்களுக்கு."

என் குரல்தான்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "அப்பிடியோ ராணி?"

"உன்ர நன்மைக்குத்தான் அக்கா. உன்னைத் தனிய விட்டிட்டு நான் எப்பிடிப் போறது?"

"தனிய இல்லையே. ரோசி வாறா தானே."

ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, உரித்தை வைத்துக்கொண்டே வீட்டை வாங்கவும் வழி இருக்கிறது, வாங்குபவருக்குச் சம்மதம் என்றால், என்றார். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இரண்டு வருடம் அவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். கழுவி, துடைத்து, இரவெல்லாம் மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டு படுத்தேன். இன்னொருவரின் மூச்சை அப்படிக் கேட்க இனி முடியாது. இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை.

"எனக்கு ஏலாது" என்றேன். அவ்வளவுதான்.

அக்கா பேனையை மூடி மேசையில் வைத்தார்.

செப். 18, வியாழன்

மழை.

நானா: "நீங்களே ஒடச்சிட்டீங்களே தங்கச்சி." சிவராணி போனை எடுக்கவில்லை.

மெலனி: "ஏம்மா வாயத் தொறந்தீங்க? தொறந்ததுதான் தொறந்தீங்க, அவங்களோடயே இருந்திருக்கலாமே, தொணைக்கு?"

துணைக்கு. எல்லாருக்கும் இந்தச் சொல் நல்லாய் வருகிறது.

சொன்னதற்காக வருத்தமில்லை. ஏலாது என்றதற்கும் இல்லை. ஆனால் அந்த வீடு வேண்டும் போல இருக்கிறது.

செப். 24, புதன்

முகத்துவாரத்தில் வாடகைக்கு ஓர் அறை. கீழே மீன்பிடிக்காரக் குடும்பம், மேலே நான். வாங்குவதெல்லாம் பிறகு பார்ப்போம்.

பெட்டி: சட்டி பானை 2, துணி 3, மாதா சுரூபம் தனியாக. அவருடைய மருந்துச் சீட்டுகள் ஒரு கட்டு. எறியவில்லை. கட்டவும் இல்லை.

செப். 26, வெள்ளி

வெயில். லொறி நாளை காலை ஏழுக்கு.

மங்கை அக்காவிடமிருந்து போன். நானாவிடம் நம்பர் வாங்கினாராம்.

"ராணி பயணத்தைத் தள்ளிப் போட்டிட்டாள். என்னோட கதைக்கிறேல்லை. வேற ஆக்கள் வீடு பாக்க வருகினம், என்னைக் கண்ட உடன போகினம்" என்று சிரித்தார். பிறகு, "நீங்கள் ஏலாது எண்டதும் நல்லம்தான். எனக்கும் இன்னொராள் குசினிக்குள்ள நிண்டால் பிடிக்காது."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவரும் போனை வைக்கவில்லை. டியூசன் வாத்தியாரின் மைக் சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கம் போறீங்கள்?"

"முகத்துவாரம்."

"அங்கயும் கடல்தானே."

ஓம் என்றேன். அறைச் சன்னலில் கடல் தெரியாது, மதில்தான் என்று சொல்லவில்லை.