ஓட்டிப் பார்த்து எடுத்த என்ஜின்

மார்ச் 3, செவ்வாய்

வாசல் மணி மூன்று முறை அடித்ததாம். நான் கூடத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறேன், கதவுக்கும் எனக்கும் நாலடி தூரம். குளித்துக்கொண்டிருந்த மனைவி ஈரத் தலையோடு ஓடி வந்து திறந்தாள். தபால்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஏதோ யோசனையில இருந்துட்டார்" என்று அவளே சமாளித்தாள். இப்படி யோசனையில் இருந்தே இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

இந்த நோட்டிலாவது உள்ளதை எழுதுகிறேன். பஸ் பணிமனையில் முப்பத்தொரு வருடம், என்ஜின் பரிசோதனைப் பிரிவு. ஓடுகிற என்ஜின் மேல் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோடு அழுத்தினால், உள்ளே எது தட்டுகிறது, எது தேய்கிறது என்று சொல்லிவிடுவேன். 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த இரைச்சலே காதைத் தின்றுவிட்டது. எதிரே நின்று நிதானமாகப் பேசினால் சமாளிக்கிறேன். மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

பாப்பாவின் கார் போய்விட்டது. பாப்பா என்றால் என் தங்கை. வயது நாற்பத்தெட்டு ஆனாலும் வீட்டில் பாப்பாதான். ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு பெண்களுக்கு டிரைவிங் சொல்லித் தருகிறாள். வீட்டுச் சாப்பாடு, மகளின் காலேஜ், எல்லாம் அந்தக் காரில் இருந்துதான்.

ரேடியேட்டர் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டியிருக்கிறது. சூடு காட்டும் முள் உச்சிக்குப் போனதை அவளும் பார்க்கவில்லை, அவளிடம் ஓட்டப் பழகுகிற தையல்காரம்மாவும் பார்க்கவில்லை. பாப்பா முள்ளைப் பார்த்து ஓட்டுகிறவளே இல்லை. காதால் ஓட்டுகிறவள். நான் பழக்கியது அப்படி. பாடம் நடத்துவதும் அப்படித்தான். "கேளு, என்ஜின் முனகுது பாரு, அந்த இடத்துல கிளட்சை விடு" என்பாள். அவளிடம் படித்தவர்கள் மேட்டில் வண்டியை அணைய விட மாட்டார்கள், அது ஊருக்கே தெரியும்.

என்ஜின் உருகி இறுகிவிட்டது, பழைய என்ஜின் ஒன்று பார்த்து மாற்றுவதுதான் வழி என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் பத்தாம் தேதி அவளுடைய ஆறு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்கிறது. அழுதிருக்கிறாள், கண் சிவந்திருந்தது. என்னிடம் வந்ததும் முகம் தெளிந்துவிட்டது. "நீ இருக்கியே அண்ணா, உன்னை எவன் ஏமாத்துவான்" என்றாள்.

மனைவி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மனைவிக்கு என் மேல் கோபம். தட்டை வைத்த வேகத்தில் தெரிந்தது. கடைசியில் எதிரே உட்கார்ந்து, வாயைத் திறந்து திறந்து, குழந்தைக்குச் சொல்வது போல, "நாளைக்கு என்ஜின் பாக்கப் போறதுக்கு முன்னாடி பாப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றாள். என்ஜினுக்குக் கண்ணும் கையும் போதும் என்று எரிந்து விழுந்தேன். எண்ணெய் மூடியில் வெள்ளை நுரை இருக்கிறதா, பிளக் கருத்திருக்கிறதா, புகை என்ன நிறம், இதற்கெல்லாம் காது எதற்கு?

சரியாகத்தான் சொன்னேன். பாதி சரி.

மார்ச் 7, சனி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பழைய என்ஜின் விற்கிற யார்டின் முதலாளி ஒரு தொப்பிக்காரர். வெயில் படாத கொட்டகைக்குள்ளும் தொப்பி. அவரிடம் சரக்கு இரண்டு விதம். ஒன்று சீல் என்ஜின். ஓட்டிக் காட்ட மாட்டார், அவர் கொடுப்பதைத்தான் எடுக்க வேண்டும், யாரும் பிரிக்கவில்லை என்பதற்கு அடையாளமாகப் போல்ட்டுகளில் மஞ்சள் பெயின்ட் தீற்றியிருக்கும். முப்பது நாளைக்குள் கோளாறு வந்தால் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கலாம். இன்னொன்று ஓட்டிப் பார்த்து எடுப்பது. ஸ்டாண்டில் ஏற்றி ஓட விடுவார், நாமே கேட்டு, பார்த்து, பிடித்ததை எடுக்கலாம். அது திரும்ப வராது. "நீங்களே பார்த்துதானே எடுத்தீங்க" என்பார், அதோடு முடிந்தது.

பாப்பா சீல் என்ஜினையே கேட்டாள். அதையும் எழுதத்தான் வேண்டும். சீல் போதும் அண்ணா, நமக்கு எதுக்கு வம்பு என்றாள். நான்தான் — "நான் இருக்கறப்ப உனக்கு எதுக்கு சீல்?" என்றேன். தொப்பிக்காரர் முன்னால், சத்தமாக. சீல் வாங்குகிறவன் காது இல்லாதவன் என்று பணிமனையில் கேலி பேசினவன் நான். அந்த வாய் சும்மா இருக்குமா?

பின்னால் இருந்து ஒரு என்ஜினைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடு பண்ணியிருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின் முதல் நிமிடத்தில் சொல்லிவிடும் உண்மையைச் சூடான என்ஜின் சொல்லாது. இதை எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். தொப்பிக்காரரைப் பார்த்தேன். காலையில் வேறு ஒருவருக்கு ஓட்டிக் காட்டினாராம். ஆறட்டும், இரண்டு மணி நேரம் கழித்து வருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆறினாலும் கேட்கப் போவது இந்தக் காதுதானே என்று தோன்றியது. சொல்லவில்லை.

எண்ணெய் சுத்தம். பிளக் சுத்தம். புகை இல்லை. பிறகு ஸ்க்ரூடிரைவரைப் பையில் இருந்து எடுத்தேன். தொப்பிக்காரர் ரேடியோவை அணைக்கச் சொன்னார். தகரம் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். ஒரு செவிடனுக்காக யார்டே அமைதியானது.

காதில் வைத்து அழுத்தினேன். என்ஜின் ஓடுகிறது என்பது கேட்டது, அவ்வளவுதான். உள்ளே எது என்ன சொல்கிறது என்பது கூட்டத்து இரைச்சல் போல ஒன்றாகக் குழம்பிக் கிடந்தது. நாலு இடம் மாற்றி மாற்றி வைத்தேன். கண்ணை வேறு மூடிக்கொண்டேன். தட்டல் இருந்தால் கைக்காவது தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையாட்டினேன்.

மார்ச் 14, சனி

என்ஜின் ஏற்றியாகிவிட்டது. பாப்பா காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். மனைவியை ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். எனக்கு ஒரு சட்டை வாங்கி வந்திருக்கிறாள். அளவு சரியாக இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

ஒன்றும் இல்லை. சட்டையைப் போடவில்லை.

மார்ச் 23, திங்கள்

பாப்பா வந்தாள். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது அடியில் டொக் டொக் என்று ஏதோ கேட்கிறதாம். என்னை முன் சீட்டில் உட்கார வைத்து ஓட்டினாள். அவள் உதட்டைப் பார்த்தேன். "கேக்குதா?" என்கிறாள்.

சைலன்சர் மேல் இருக்கிற தகடு ஆடுகிறது, பயமில்லை என்றேன். எங்கிருந்து வந்தது இந்தத் தகடு? கேட்டதும் வாய் ஒரு பொய்யை எடுத்துக் கொடுக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

தகட்டை இறுக்கிவிட்டாளாம். சத்தம் நிற்கவில்லையாம். திரும்பவும் ஓட்டிக் காட்டினாள். இந்த முறை நான் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, காதில் விரலை விட்டுக் குடைந்தாள். என் பக்கம் திரும்பி, "எனக்குத்தான் காது கோளாறு போல அண்ணா" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள்.

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். அடியில் தட்டுவது தேய்ந்த பேரிங்; இன்றே கழற்றினால் அதை மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம். ஓட ஓட ஷாஃப்ட்டைத் தின்றுவிடும். எல்லாம் தெரிகிறது. தெரிந்தும் வாய் வரவில்லை. காது போனவன் என்று தெரிந்தால் நான் யார்? முப்பத்தொரு வருடமும் போய், கூடத்தில் பேப்பர் படிக்கிற ஒரு கிழவன்.

மார்ச் 30, திங்கள்

மனைவி என் தோளைத் தொட்டுக் கூப்பிட்டுச் சொன்னாள். பாப்பா காது டெஸ்டுக்கு நேரம் வாங்கியிருக்கிறாளாம். வியாழக்கிழமை. அவளுக்கு.

மெக்கானிக்கிடம் போய் நானே சொல்லி என்ஜினைக் கழற்றச் சொல்லலாமா என்று கடைத்தெரு வரை போனேன். கடை திறந்துதான் இருந்தது. அவர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். நானும் கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

வந்தாள். ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தாள். கோடு போட்ட படம். இரண்டு காதும் சுத்தமாக இருக்கிறதாம், சின்னப் பிள்ளைக்குப் போலக் கேட்கிறதாம். சொல்லிவிட்டு நின்றாள்.

நான் சொன்னது: "அந்த மாதிரி இடத்துல எல்லாருக்கும் நல்லா இருக்குன்னுதான் எழுதித் தருவாங்க."

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 4, சனி

உடைந்துவிட்டது. பாலத்து ஏற்றத்தில். பிஸ்டன் ராடு என்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது, ரோடெல்லாம் எண்ணெய். ஓட்டியது தையல்காரம்மா. பின்னால் வந்த லாரி எப்படியோ நின்றுவிட்டதாம். ஒருவருக்கும் அடியில்லை. அந்தம்மா பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, நான் என்ன தப்பு செய்தேன் என்று பாப்பாவிடம் கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறார். என்ன தப்பு செய்தார்? லாரி நிற்காமல் இருந்திருந்தால் — வேண்டாம், எழுத மாட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் நானே அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாக எனக்குக் காது கேட்பதில்லை, அண்ணிக்கு மட்டும் தெரியும், அவளையும் சொல்ல விடவில்லை என்று எல்லாவற்றையும்.

பாப்பா காய் நறுக்குவதை நிறுத்தினாள். என் முகத்துக்கு நேராகத் திரும்பிக்கொண்டாள்.

"அன்னைக்கு யார்டுல உனக்கு என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல."

"அப்புறம் ஏன் தலையாட்டின?"

திட்டியிருந்தால் தேவலை. சத்தமாவது போட்டிருக்கலாம், எனக்குக் கேட்கிற அளவுக்கு. "சாப்பிட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள். சாப்பிட்டேன். ஆறு பேரையும் டெஸ்டுக்கு வேறு டிரைவிங் பள்ளிக்கு அனுப்பிவிட்டாளாம். அதில் நாலு பேர் இனி திரும்பி வர மாட்டார்கள்.

ஏப்ரல் 8, புதன்

ஏமாற்றுகிறவன் வெளியில்தான் இருப்பான், கூடப் பிறந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று அவள் நம்பியிருக்கிறாள். தொப்பிக்காரர் பொய் சொன்னார், அது அவர் பிழைப்பு. எனக்கு என்ன வந்தது?

ஏப்ரல் 18, சனி

திரும்ப அதே யார்டு. வேறு எங்கும் அந்த மாடல் இல்லை. என்னையும் வரச் சொன்னாள், ஏன் என்று தெரியவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் போய் அவள் கையில் கொடுத்தேன். உனக்குத்தான் நல்ல காது, நீயே கேள் என்றேன். எப்படி வைக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்ததுதான்.

தொப்பிக்காரர் கேட்டார், ஓட்டிப் பார்க்கிறீர்களா, சீலா என்று. பாப்பா என்னைப் பார்த்தாள். பழைய பழக்கம். பிறகு ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தாள். அதை என் பைக்குள் திரும்ப வைத்தாள்.

"சீல் குடுங்க" என்றாள்.

மே 4, திங்கள்

புது என்ஜின் நன்றாக ஓடுகிறது. என் கணிப்பு இல்லை, பாப்பா சொன்னது.

எனக்கும் காதுக்கு மெஷின் வந்துவிட்டது. எல்லாம் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல இருக்கிறது. கடையில் அதை மாட்டிக்கொண்டு திரும்புகையில் பாப்பா வழியில் பார்த்துப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டாள். முன்னால் ஒரு புதுப் பெண், பள்ளிக்கூட டீச்சராம், முதல் வாரம். மேட்டுக்கு வந்ததும் கார் திணறியது. எனக்கே கேட்டது, அந்த முனகல், மெஷின் வழியாக, மெல்லிசாக. இந்த இடத்தில் பாப்பா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். நானும் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன், கேளு என்று.

பாப்பா கையை நீட்டி, டேஷ்போர்டில் என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுகிற முள்ளைத் தட்டிக் காட்டினாள்.

"முள்ளைப் பாரும்மா" என்றாள். "ரெண்டுக்கு மேல வந்ததும் கிளட்சை விடு. காதை நம்பாத."