முதல் கடி

பிப்ரவரி 3

மருமகள் தன் அம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இந்தக் கூத்து. வலி இல்லை, வீக்கம் இல்லை, சும்மா வாயைத் திறந்து காட்டிச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவது.

"அத்தை, உங்களுக்கும் சேர்த்துச் சொல்லட்டுமா?" என்றாள்.

"உங்கம்மா பல்லைத் தேய்க்க ஆள் வெச்சுக்கட்டும். எனக்குக் கை இருக்கு."

சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். சிரிக்கட்டும். சுத்தம் பண்ணப் பண்ணப் பல் ஆட்டம் கொடுக்கும், ஊருக்கே தெரியும்.

பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. கொய்யாக்காயை நேராக என்னிடம்தான் கொண்டுவருகிறாள். முதல் கடி என்னுடையது. கடக்! "பாட்டி பல்லு இரும்பு" என்கிறாள். இதே வீட்டில் அம்மம்மாவும் இருக்கிறாள். அவளிடம் போவதில்லை.

மார்ச் 19

வாய் கொப்பளித்தால் சிவப்பு. வாஷ்பேசினை நானே கழுவிவிட்டேன். உடம்புச் சூடு, வேறென்ன?

மே 6

கீழ் முன்வரிசையில் ஒன்று, நாக்கு பட்டால் அசைகிறது. வலி துளியும் இல்லை. வலிக்காத பல்லுக்கு என்ன கேடு? யாரிடமும் சொல்லவில்லை. சம்பந்தியம்மாள் எதிரில் நான் வாயைப் பிளப்பதா?

ஜூன் 22

நான் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஏதோ கோபம் என்று மகனுக்கு நினைப்பு. நினைக்கட்டும். கோபத்துக்காவது ஒரு மரியாதை உண்டு. பல் ஆட்டத்துக்கு என்ன உண்டு?

ஜூலை 11

பேத்தி கொய்யாக்காயை நீட்டினாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கடித்தேன்.

பல் காயிலேயே நின்றுவிட்டது. ரத்தம். குழந்தை அலறிக்கொண்டு ஓடினாள் — அம்மம்மாவிடம்.

ஜூலை 12

டாக்டர் சின்னப் பெண். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள்.

"பாட்டி, ஒண்ணுலகூட சொத்தை இல்ல. எவ்வளவு நல்ல பல்லு! ஈறும் எலும்பும்தான் போயிடுச்சு."

பல்லடியில் படிந்த அழுக்கு காரையாகி, கல்லாக இறுகி ஈறை அரித்துவிட்டதாம். பிரஷ்ஷுக்கு அது அசையாதாம், கருவி வைத்துத்தான் எடுக்க முடியுமாம்.

"சுத்தம் பண்ணா ஆடும்னு சொல்றாங்களே?"

"ஏற்கெனவே ஆடுற பல்லைக் காரை பிடிச்சு வெச்சிருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரியுது. பழி எங்க மேல."

"வலிக்கவே இல்லையேம்மா!"

"அதுதான் இதோட குணம் பாட்டி. வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாதுன்னுதான் ஆறு மாசத்துக்கொரு தடவை வரச் சொல்றோம்."

இரும்புத் தூண்தான். நிற்க மண் வேண்டாமா? முன்வரிசையில் நான்கு பல் போயிற்று. மிச்சத்தைச் சுத்தம் பண்ணிக் காப்பாற்றலாமாம். கட்டுப்பல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 30

சம்பந்தியம்மாள் எனக்குச் சோற்றைக் குழைத்து வைத்தாள். குத்தலாக ஒரு சொல் சொல்லியிருந்தால் தேவலை. சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் கூடத்தில் கடக் என்று சத்தம். கொய்யாக்காய். முதல் கடி சம்பந்தியம்மாளுடையது. என்னைவிட மூத்தவள்!

பிப்ரவரி 5

இன்று வீட்டில் எல்லோரும் பல் டாக்டரிடம் போகிற நாள். பேத்திக்குப் புதுப்பல் முளைத்திருக்கிறது. "எனக்குத்தான் வலிக்கலையே, நான் ஏன் வரணும்?" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அடம். யார் பேச்சு அது? மருமகள் மிரட்டினாள், அம்மம்மா கொஞ்சினாள். நடக்கவில்லை.

பல் போனதிலிருந்து வாயைப் பொத்தாமல் நான் யாரிடமும் பேசியதில்லை. பேத்தி எதிரில் உட்கார்ந்து கையை எடுத்தேன். நன்றாக வாயைத் திறந்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு வலிச்சுதா பாட்டி?"

"இல்லடி."

கட்டில் காலை விட்டாள். செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள்.