கதவுப் பிடியில் மாட்டிய பை

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் சித்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், என் முட்டி மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது, நீ அங்கே குளிருக்கு நன்றாக மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். உன் அப்பா போனபின் உன்னை வளர்த்தவன் என்ற உரிமையில் உன்னிடம் எவ்வளவோ கதை அளந்திருக்கிறேன், அதில் ஒன்றை இன்று திருத்த வேண்டும். வேலை போய் அடுப்பெரியாத வீடுகளுக்குத் தினமும் சாப்பாடு கொண்டுபோகிறேன், நாற்பது வீடு என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா, நாற்பது இல்லை, பதினொன்று. அதற்கே உன் சித்தி, "பதினொரு வீட்டுக்கு மூணு மணி நேரமா? வாசலுக்கு வாசல் நின்னு கதை அளந்தா ஆகத்தான் செய்யும்" என்கிறாள்.

அந்தச் சாப்பாட்டைச் சமைக்கும் எங்கள் சமையல்கூடத்தை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற நர்ஸம்மா. அவர் வைத்த சட்டம் ஒன்றுதான், பையைக் கதவுப் பிடியில் மாட்டு, இரண்டு தட்டு தட்டு, யாரும் திறப்பதற்குள் படியிறங்கிவிடு. பையில் ஒரு எழுத்துகூட இருக்காது, கடைக்குப் போய்வந்த பை போலத்தான் இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை, மூன்று மாடி ஏறுகிறவனுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்க வேண்டாமா, அதனால் படி ஏறும்போதே "சாப்பாடு வந்தாச்சு" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவேன். உனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாரே டிரைவிங் மாஸ்டர், நீ கம்பத்தில் மோதிய அன்று "கம்பம்தான் குறுக்க வந்துச்சு, நீ அழாதம்மா" என்றவர், அவர் வீடும் அந்தப் பதினொன்றில் ஒன்று. பார்வை மங்கி வேலை போய்விட்டது, அவர் வீட்டம்மா படுத்த படுக்கை, ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் மாத்திரையே போடலாம்.

இரண்டு வாரம் முன்பு முடிவெட்டப் போனேன், கடையில் இருபது பேர், சரி, நாலு பேர். நான் சும்மா இருந்திருக்கலாம். "நான் ஒரு நாள் படுத்துட்டா டிரைவிங் மாஸ்டர் வீட்ல பட்டினிதான், நேத்துகூட என் கையைப் பிடிச்சுக் கண்ல ஒத்திக்கிட்டாரு மனுஷன்" என்று எடுத்துவிட்டேன். முடிவெட்டுகிறவர் கண்ணால் ஜாடை காட்டினார், ரசிக்கிறார் போல என்று நினைத்து இன்னும் இரண்டு சேர்த்துச் சொன்னேன். அவர் முன்னால் நாற்காலியில் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு ஒரு ஆள், அது மாஸ்டர். துண்டால் முகத்தைத் துடைத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நான் எப்போ சார் கண்ல ஒத்திக்கிட்டேன்?" என்றார், அவ்வளவுதான், பாதி தாடியோடு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் நான் மாட்டிய பை அதற்கு மறுநாளும் அப்படியே தொங்கியது. மூன்று நாள். நர்ஸம்மா கேட்டபோது கூசாமல் "பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காங்கம்மா" என்றேன், வேறு வீடுகள் காத்திருக்கின்றன என்று அவர் பட்டியலில் அந்த வீட்டை அடித்துவிட்டார். அன்றைக்கே அந்தக் கதவைத் தாண்டும்போது உள்ளே அந்தம்மா இருமும் சத்தம் கேட்டது. சின்னக்குட்டி, அதற்குப் பிறகு எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. "தட்டை ஏன் முறைக்கிறீங்க, அது என்ன பண்ணுச்சு" என்று சித்தி கேட்டாள், எழுந்து நேராக நர்ஸம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கரண்டியும் கையுமாக அவர் கேட்டார், "முட்டிக்கு வர்ற வலி உங்க வாய்க்கு வரக்கூடாதா?" பையை அவரே எடுத்துக்கொண்டு கிளம்பினார், அந்த வீட்டை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். மாஸ்டர் வாங்கிக்கொண்டாரா என்று மறுநாள் கேட்டேன். "அது உங்களுக்குத் தெரிய வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்" என்றார்.

மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை படிவரை போய்த் திரும்பினேன், என் சத்தம் கேட்டால் அவர் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாரே என்று பயம். ஒன்பது நாள் ஒன்றும் தெரியாமல் படுக்கையில் உருண்டேன். நேற்று அவர் வீட்டுக்கு மேல்மாடியில் வேறொரு வீட்டுக்குப் பையை மாட்டிவிட்டு இறங்கும்போது பார்த்தேன், மாஸ்டர் கதவுப் பிடியில் காலி டப்பாக்கள், கழுவித் துடைத்து, பையின் வாயை முடிச்சுப் போட்டுத் தொங்கின. தட்ட வேண்டும் என்று கை துடித்தது. தட்டவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன். சித்தியிடம்கூட இதைச் சொல்லவில்லை, உன்னிடம்தான், அதனால் படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

நீ நூறு வயது நன்றாக இரு, உன் கை தொட்ட வேலையெல்லாம் நல்லபடியாக முடியட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. மாஸ்டருக்கு மாதாமாதம் போன் செய்வாயே, கார் பற்றிப் பேசு, கம்பம் பற்றிப் பேசு, சிரிப்பார். எல்லாரிடமும் வாய் தவறி வருகிற கேள்விதான், "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
இப்போது பத்து வீட்டுக்கு மட்டும் நடக்கிற
உன் சித்தப்பா