விளக்கு வைக்கிற நேரத்து மிஸ்டு கால்

9 ஜனவரி 2005, ஞாயிறு

கடல் பொங்கி ஊர்களை வாரிக்கொண்டு போய் இரண்டு வாரம் ஆகிறது. பனியன் ஏற்றுமதிக்கு இருந்த கோட்டாவை எடுத்துவிட்டார்கள் என்று ஒன்றாம் தேதி இங்கே எங்கள் பனியன் ஊர் ராயபுரத்தில் பட்டாசு வெடித்தார்கள். டி.வி.யில் நாகப்பட்டினத்துப் பிணங்கள், தெருவில் பட்டாசுக் காகிதம். அந்த வருடம் இது. என் சம்சாரம் சின்னாத்தாள் போய் இரண்டாவது பொங்கல் வருகிறது. நான் தொண்ணூற்றாறு கிலோ.

எழுதச் சொன்னது சர்க்கரை டாக்டரம்மா அனுசுயா. தின்பதை எல்லாம் எழுத வேண்டுமாம். நான் பள்ளிக்கூடம் போகாதவன். அறிவொளி இயக்கம் வந்தபோது ஐம்பது தாண்டிக் கற்ற எழுத்து இது. சின்னாத்தாளும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றாள். என்னைவிட வேகமாகப் படித்தாள். என் எழுத்தைப் பார்த்து, கோழி கிளறின மாதிரி இருக்குது என்று சிரிப்பாள். அதற்கு முன் துணி வண்டி ஓட்டின காலமெல்லாம் எந்த ரோல் எந்தச் சாயப்பட்டறைக்கு என்பது மனசில்தான். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். கேட்க ஆள் இல்லை.

தின்றது: காலை பேக்கரியில் டீ, தேங்காய் பன். மதியம் ஓட்டல் சாப்பாடு. மாலை மறுபடி டீ, பப்ஸ். இரவு பரோட்டா. ஒரு ஆளுக்கு எதற்கு அடுப்பு?

"கால் மரத்துப்போறது நல்லதுக்கில்லீங்க. இருபது கிலோவுக்கு மேல இறக்கணும். இல்லைன்னா விரலை எடுக்கறதுல ஆரம்பிக்கும்" என்றார் டாக்டரம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்து, "தனியா முடியாதுங்க. நாலு பேரா இறக்குங்க" என்றார்.

தனியாக எது முடிகிறது?

16 ஜனவரி, ஞாயிறு

டாக்டரம்மாவிடம் சர்க்கரைக்குப் பார்க்கிற நாலு பேர் சாமியப்பன் கம்பெனியில் கூடினோம். அவரும் வந்திருந்தார். கம்பெனி என்றால் ஒரு தகரக் கூரை, நாலு நிட்டிங் மிஷின். சின்ன வயதிலிருந்து சேர்ந்து திரிந்தவன். அவனுக்கு மிஷின் வாய்த்தது, எனக்கு வண்டி. ஞாயிறு மிஷின் ஓடாது. துணி ரோல் நிறுக்கிற தராசில் எங்களை ஏற்றி நிறுத்தான். ரோலுக்குள் இருக்கும் அட்டைக் குழாய்க்கு எடை கழிப்பது தொழில் வழக்கம். அதே மாதிரி என் வேட்டிக்கு அரைக்கிலோ கழித்தான்.

"அவுகளுக்கு வேட்டிக்குக் கழிச்சீகல்ல? எனக்குச் சேலைண்ணே. ஒரு கிலோ கழிங்க" என்றாள் பாண்டியம்மாள். விருதுநகர்ப் பக்கத்துக்காரி. பனியன் கம்பெனியில் செக்கிங். பிசிறு நூல் வெட்டுகிற வேலை. மகன் ஜெயபாண்டியோடு லைன் வீட்டில் இருக்கிறாள்.

நாலாவது ஆள் சுப்பண்ணன். நான் தினமும் தேங்காய் பன் தின்கிற பேக்கரி அவருடையதுதான். "வித்து வித்தே சர்க்கரை ஏறிப்போச்சுங்க டாக்டர்" என்றார்.

"வித்தா ஏறாதுங்க" என்றார் டாக்டரம்மா.

அவர் சொன்னது இது. வெள்ளை அரிசிச் சோறு காய்ந்த ஓலை மாதிரி, குப்பென்று எரிந்து அணைந்துவிடும், உடனே மறுபடி பசிக்கும். சாமை, தினை, கொள்ளு, பச்சைப்பயறு எல்லாம் வேலங்கட்டை, நின்று எரியும். கூழாகக் கரைத்துக் குடிக்கக் கூடாது, முழுசாக வேகவைத்து மென்று தின்ன வேண்டும்.

"என்றா கிட்டு, சாமைச்சோறுன்னா அழுதுட்டு ஓடுவமே. இப்ப பீஸ் கட்டித் திங்கறோம்" என்றான் சாமியப்பன்.

நான் வீட்டுக்கு வந்து அடுப்பைத் துடைத்தேன். இரண்டு வருடத் தூசி.

30 ஜனவரி

தொண்ணூற்றைந்து. வேட்டி போகத்தான்.

பாண்டியம்மாள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். நிறுத்து முடித்ததும், அந்த வாரம் எதற்கு ஏங்கினோம் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "வாயால தின்னுட்டா வயிறு கேக்காதுண்ணே." அவளுக்குக் கருப்பட்டி மிட்டாய். அவள் ஊர்த் திருவிழாவில் சுடச்சுடப் பனை ஓலையில் கட்டித் தருவார்களாம். சுப்பண்ணனுக்கு அவர் கடை மிக்ஸரே. சாமியப்பனுக்குத் தேங்காய் பன், அதுவும் அடுப்பிலிருந்து வந்த சூட்டில், நடுவில் பூரணம் நாக்கைச் சுட வேண்டும்.

என் முறை வந்தது. பரோட்டா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அரிசிம்பருப்பு என்று வந்துவிட்டது. அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வேகவைத்த சோறு. அதுவும் மேல்சோறு இல்லை, சட்டியில் அடிப்பிடித்த காந்தல். சின்னாத்தாள் சுரண்டி எடுத்து, நெய் விட்டு, எனக்கென்று தனியாக வைப்பாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் கேட்டதில்லை.

யாரும் சிரிக்கவில்லை.

20 பிப்ரவரி

மாலைதான் மோசம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். வெளிச்சம் மங்கினால் கால் பேக்கரிக்குத்தான் திரும்புகிறது. அதற்கும் பாண்டியம்மாள்தான் வழி சொன்னாள். ஷிப்ட் முடிந்தால் மகனுக்கு மிஸ்டு கால் கொடுப்பாளாம். அதே மாதிரி விளக்கு வைக்கிற நேரத்தில் சாமியப்பன் எனக்கு, நான் அவளுக்கு, அவள் சுப்பண்ணனுக்கு, சுப்பண்ணன் சாமியப்பனுக்கு. மணி அடித்தால் 'ஒழுங்காகத் தின்றேன், வீட்டில்தான் இருக்கிறேன்' என்று பொருள். எடுக்கக் கூடாது. வராவிட்டால் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

போனில் பேர் எல்லாம் இங்கிலீஷில் வருகிறது. எனக்கு நம்பர்தான் ஆள். நாற்பத்தேழில் முடிந்தால் சாமியப்பன்.

21 பிப்ரவரி

முதல் நாளே தவறிப்போய் எடுத்துவிட்டேன். "என்றா எடுத்துட்டே? காசு போச்சு!" என்று கத்தினான் சாமியப்பன். அப்புறம் அவனே வைக்காமல் ரொம்ப நேரம் பேசினான்.

13 மார்ச், ஞாயிறு

தொண்ணூற்று மூன்று.

6 நவம்பர்

எண்பத்தெட்டு. ஒரே மழை. "மழைக்குத் துணியே எடை கூடுது, நீ குறையறயே" என்றான் சாமியப்பன். டாக்டரம்மா ஊசியால் கால் விரலைத் தொட்டார். லேசாகத் தெரிந்தது.

11 ஜூன் 2006

சுப்பண்ணன் போய்விட்டார். கல்லாவில் உட்கார்ந்தபடியே. பேக்கரி ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே டிரேயில் ரொட்டி அப்படியே.

12 ஜூன்

இனி பாண்டியம்மாள் நேராகச் சாமியப்பனுக்குக் கொடுப்பாள். வட்டம் சின்னதாகிவிட்டது.

4 பிப்ரவரி 2007, ஞாயிறு

எண்பத்தொன்று. அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சட்டை தோளில் தொங்கியது. பந்தியில் சோற்றை ஒதுக்கிப் பொரியலை மட்டும் தின்றேன். நாலு பேர் பார்த்தார்கள். பார்த்தால் என்ன?

7 பிப்ரவரி

மகன் தமிழ்செல்வன் வந்தான். அவன் ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருக்கிறான். வீடு அவிநாசி ரோட்டில். பொங்கலுக்கு வந்தவன் இப்போதுதான். கையில் நாலு அடுக்குக் கேரியர்.

"ஏனுங்கப்பா, ஊர்ல என்ன பேசறாங்கன்னு தெரியுமுங்களா? மகன் கார்ல போறான், அப்பன் சோத்துக்கில்லாம எலும்பா நிக்கறாருங்கறாங்க. எனக்குத் தலை காட்ட முடியலீங்க."

"நானாத்தான் இறக்குறேன் கண்ணு. டாக்டர் சொன்னதுதான்."

"டாக்டரா வந்து ஊருக்குச் சொல்லுவாரு? சாப்புடுங்க."

எதிரே உட்கார்ந்தான். வெள்ளைச் சோறு, சாம்பார், லட்டு. நான் தின்னும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவன் நெற்றியில் சின்ன வயதில் விழுந்த தழும்பு அப்படியே இருக்கிறது. எத்தனை நாளாயிற்று அதைப் பக்கத்தில் பார்த்து. இரண்டாம் தடவையும் சோறு கேட்டேன்.

25 பிப்ரவரி, ஞாயிறு

எண்பத்து மூன்று. ஏறிவிட்டது.

"என்றா, ரோல் ஈரமா இருக்குதா?" என்றான் சாமியப்பன். பாண்டியம்மாள் சிரிக்கவில்லை. "மகன் வந்தாரா?" என்றாள்.

ஆமாம் என்றேன். வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறான். சோற்றைத் தின்றால் உட்காருகிறான். சாமை என்றால் எழுந்து போய்விடுவான். நான் என்ன பண்ணட்டும்? கால் போனால் போகட்டுமா? போகட்டுமே, அவன் உட்காருகிறானே — இப்படியெல்லாம் யோசிக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க சாமை ஆக்கி அவருக்கும் ஒரு வாய் போடுங்கண்ணே. அவர் கொண்டாந்ததத்தான் நீங்க திங்கணும்னு சட்டமா?"

28 பிப்ரவரி

சாமை வடித்து, கொள்ளுப் பருப்பு கடைந்து வைத்தேன். தமிழ்செல்வன் ஒரு வாய் தின்றான். போன் வந்தது. கப்பலில் ஏற்ற வேண்டிய பெட்டி ஏதோ நின்றுவிட்டதாம். "நீங்க சாப்புடுங்கப்பா" என்று கேரியரை வைத்துவிட்டுப் போனான். கேரியரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

18 மார்ச்

எண்பது. மகன் வரவில்லை. ஊர்வாய் அடங்கிவிட்டது போல.

15 செப்டம்பர் 2008

இன்றிலிருந்து ரேஷனில் அரிசி கிலோ ஒரு ரூபாய். வரிசை தெருமுனை வரைக்கும். நான் அதைத் தாண்டிப் போய்ச் சாமை வாங்கி வந்தேன். எழுபத்து நாலு.

2 அக்டோபர்

விளக்கு வைத்தாகிவிட்டது. நாற்பத்தேழு வரவில்லை. மறந்திருப்பான் என்று பார்த்தேன். கூப்பிட்டேன். எடுத்தது அவன் மகன்.

அந்த நம்பர அவந்தானடா எடுக்கணும். கத்தறதுக்காச்சும் அவந்தானடா எடுக்கணும். காசு போச்சுன்னு சொல்ல வேண்டாமா நீ. சாமியப்பா.

பாண்டியம்மாளுக்கு மிஸ்டு கால் கொடுக்கவில்லை. அவளே கூப்பிட்டாள்.

ஞாயிறு, தேதி பார்க்கவில்லை

சாமியப்பன் கருமாதி. இலையில் படையல் வைத்திருந்தார்கள். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் வைப்பது வழக்கம். நான் எட்டிப் பார்த்தேன். சாமைச்சோறு. தினை உருண்டை, வெல்லம் இல்லாமல். கொள்ளு. சுண்டின பாகற்காய்.

"அப்பாவுக்கு இதுன்னா உசுருங்க. நாலு வருசமா வேற எதையும் தொட மாட்டாரு" என்று மூத்தவன் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே சொன்னான். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. நாலு வருடமும் ஒரு ஞாயிறு தவறாமல் சாமியப்பன் தேங்காய் பன் தேங்காய் பன் என்று புலம்பியதைக் கேட்டது நாங்கள்தான்.

பாண்டியம்மாள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் வெளியே வந்தோம். சுப்பண்ணன் பேக்கரியை இப்போது அவர் பிள்ளை நடத்துகிறான். அங்கே தேங்காய் பன் கேட்டோம். சூடாக இல்லையே என்றேன். "சூடு பண்ணிக் குடுய்யா, சாப்பிடுறவரு ரொம்ப வீம்புக்காரரு" என்றாள் அவள். சூடாகவே வாங்கிக்கொண்டு போய், சாமியப்பன் கம்பெனிச் சுற்றுச்சுவர் மேல் பிட்டு வைத்தோம். காக்கா வருகிறதா என்று என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வந்துருச்சுண்ணே" என்றாள். "பூரணத்தத்தான் மொதல்ல கொத்துது."

21 டிசம்பர்

வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் நின்றுவிட்டதாம். பாண்டியம்மாள் கம்பெனியில் செக்கிங் ஆட்களைப் பாதியாக்கிவிட்டார்கள். ஜெயபாண்டி ஊருக்கே திரும்பலாம் என்கிறானாம். அவள் இதைச் சொல்லும்போது வழக்கம்போல மிட்டாய் கதைக்குப் போய்விட்டாள். நானும் கேட்டுக்கொண்டேன்.

18 ஜனவரி 2009, ஞாயிறு

பாண்டியம்மாளை ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மூட்டை, மிக்ஸி, ஒரு கட்டு பனியன்.

"நான் முந்திக்கிட்டா கருப்பட்டி மிட்டாயோட வரணும். ஓலையில கட்டுனது. கவர்ல கொண்டாந்தா வாசல்ல நிக்க விடமாட்டேன்."

"செத்தப்புறம் எப்படி அம்மிணி தடுப்பே?"

"ஜெயபாண்டிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்ல." பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டினாள். "நீங்க முந்துனா காந்தல் நான் கொண்டாறேன். அடிப்பிடிக்க வைக்கிறதுதாண்ணே கஷ்டம், கருகிப்போகும். பழகிக்கிறேன்."

15 பிப்ரவரி, ஞாயிறு

எழுபத்திரண்டு. டாக்டரம்மா வீட்டுத் தராசில் நிறுத்தார். வேட்டிக்குக் கழிக்கவில்லை. கால் விரலில் ஊசி நன்றாகவே உறைத்தது. "நினைச்சதுக்கு மேலயே இறக்கிட்டீங்க. இனி வாரா வாரம் வர வேண்டாமுங்க" என்றார். சந்தோசமாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

மத்தியானம் தமிழ்செல்வன் வந்தான். அவனுக்கும் ஆர்டர் இல்லை, நேரம் இருக்கிறது போல. கேரியரைத் திறந்தான். சாமைச்சோறு, கொள்ளு.

"சாமியப்பன் மாமா ஊட்டுல படையலப் பாத்தனுங்கப்பா. உங்களுக்கும் இதானே புடிக்கும்னு ஆக்கச் சொன்னேன்."

எதிரே உட்கார்ந்து அவனும் தின்றான். இரண்டு தடவை போட்டுக்கொண்டான். போன் அடித்தது, எடுக்கவில்லை. கண்ணு, எனக்குப் பிடித்தது இதல்ல என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவன் என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துவிட்டு, "நல்லா இருக்குங்களா?" என்றான்.

நல்லா இருக்குது என்றேன்.

விளக்கு வைக்கிற நேரம் மணி அடித்தது. விருதுநகரிலிருந்து. எடுக்கவில்லை. எண்ணிப் பார்த்தால், அந்தக் காந்தலைப் பற்றித் தெரிந்தவர்களில் சின்னாத்தாள் இல்லை. சுப்பண்ணன் இல்லை. சாமியப்பன் இல்லை. இன்னும் உயிரோடிருப்பவள் பாண்டியம்மாள்.