தங்கக்கை என்று நான் கூப்பிடாத நாள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அப்பாவின் முழங்கால் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மற்றபடி சாப்பாடு, தூக்கம், எங்கள் சண்டை எல்லாம் வழக்கம்போல நடக்கிறது. நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, கழுத்தைச் சுற்றி ஏதாவது போட்டுக்கொண்டு வெளியே போ, உனக்குச் சட்டென்று நெஞ்சில் சளி கட்டும். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் கோபத்தில் வைத்துவிடுவேன், போன தடவை அப்படித்தான் ஆயிற்று. காகிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்க முடியாது பார்.

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பின்பக்கச் சுவரில் நீயும் உன் சிநேகிதனும் பந்தடித்து வட்ட வட்டமாகக் கறையாக்கி வைத்திருக்கிறீர்களே, அதன்மேல் பட்டி பூசி மறைத்துவிடலாமா என்று பெயிண்டர் கேட்டார். அப்பா உடனே, அது இருக்கட்டும் விடுங்க என்றார். யாருக்காக இருக்கட்டும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தச் சுவரைப் பார்த்தால் எனக்கு உங்கள் சத்தம்தான் கேட்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு நீ உதைப்பாய், அவன் பிடிப்பான். இருட்டி, பந்து தெரியாமல் போன பிறகும் சத்தத்தை வைத்தே பிடிப்பான். அவன் கையுறையை நம் வீட்டுக் குளியலறையில்தான் துவைத்து, விரலுக்கு ஒரு கிளிப் மாட்டி நம் கொடியில் காயப்போடுவான். எதிர்வீட்டு டீச்சர், உங்க வீட்டுல யாரோட கை தொங்குதுன்னே தெரியலையே என்று ஒரு நாள் கேட்டுச் சிரித்தார். அவன் வீட்டில் அவன் அப்பா லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டார், அதனால் அவனுக்குச் சாப்பாடு நம் வீட்டில்தான். உன்னைவிட ஒரு கரண்டி கூடுதலாகச் சாப்பிடுவான், நீ என்னை அம்மா என்று கூப்பிடுகிறதைவிட அவன் கூப்பிடுகிறது சத்தமாக இருக்கும்.

மைதானத்து மேல் அறையை நினைத்துக்கொள்கிறாயா? மற்ற நாளெல்லாம் பேருந்து நிலையத்தில் மைக்கில் பஸ் அறிவிப்பு கத்திவிட்டு, ஆட்ட நாளில் அங்கே வந்து மறுபடியும் மைக்கைப் பிடிப்பேன். ஏறினால் ஆடுகிற அந்த மரப்படி, மேலே தகரக்கூரை, பக்கத்து ஜன்னலில் அப்பா கோல் எண்ணிக்கைப் பலகையை மாட்டுவதற்குக் கொக்கியோடு நிற்பார், என் மேஜைக்கு அடியில் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பீர்கள். அந்தக் கறுக்முறுக்குச் சத்தம் மைக்கில் ஊர் முழுக்கக் கேட்டு, கிளப் செயலாளர் ஆளனுப்பினார். பிறகு அவனே வளர்ந்து, மேஜைக்கடியிலிருந்து கீழே மைதானத்துக்கு கோல்கீப்பராகப் போய்விட்டான். பெரியவர்கள் அணியில் அவன் ஆடிய முதல் வருஷம், அந்த மழையில், கடைசி பெனால்டியை ஒற்றைக் கையால் தள்ளிவிட்டானே, எனக்கு மைக் திறந்திருக்கிற நினைப்பே இல்லை, தங்கக் கைடா உனக்கு என்று சொல்லிவிட்டேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் அதையே கத்த ஆரம்பித்தார்கள். அன்றைக்கு நீ அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சேறும் சகதியுமாக நம் வாசல் வரைக்கும் வந்தாய். அந்த நாளை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது நிஜம்தான். அதற்குப் பிறகு நடந்ததும் நிஜம்தான், அதுதான் கஷ்டம்.

போன மாதம் நீ போனில் கேட்டதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டியை அடித்தான், கோர்ட்டு தண்டனை கொடுத்தது, ஜெயிலில் இருந்தான், கிளப்பும் இரண்டு வருஷம் வெளியே வைத்தது, எல்லாம் முடித்துவிட்டுத்தானே வருகிறான், இதையே ஒரு குமாஸ்தா செய்திருந்தால் வேலைக்குத் திரும்பியிருக்க மாட்டானா, விளையாடுகிறவனுக்கு மட்டும் ஏன் ஆயுள் தண்டனை என்று கேட்டாய். நீங்க மைக்ல நல்லபடியா ரெண்டு வார்த்தை சொன்னா ஊர் கேக்கும்மா என்றும் சொன்னாய். அன்றைக்கு நான் கோபத்தில் போனை வைத்துவிட்டேன். நீ சொன்னது சரி போலவும் இருந்தது, எங்கோ இடிக்கிற மாதிரியும் இருந்தது. எங்கே இடிக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

அவன் மனைவியைச் சொல்கிறேன். அவன் என்னை அம்மா என்று கூப்பிட்டதால் கல்யாணத்தன்றே அவள் என்னை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் முறித்துக்கொண்டு வந்த பிறகும் அந்த முறையை மட்டும் அவள் விடவில்லை. இப்போதும் அதே மருந்துக்கடையில்தான் வேலை பார்க்கிறாள், கடைக்குப் பக்கம் என்று மைதானத்துக்குப் பின்தெருவில் மாடியில் ஒரு வீடு பிடித்து மகளோடு இருக்கிறாள். அவனைக் கிளப்பில் மறுபடி எடுத்துக்கொண்டார்கள் என்று பேப்பரில் வந்த மறுநாள், பேருந்து நிலையத்தில் என் அறைக்கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். குழந்தை பழைய டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில் படம் வரைய ஆரம்பித்தது. குழந்தை இருக்கிறதே என்று, முதலில் அவனை அப்பா என்றே சொல்லிப் பேசினாள். நான் பிள்ளையை வெளியே துப்புரவு அக்காவோடு பஸ் பார்க்க அனுப்பிய பிறகுதான் அவன் இவன் என்று வந்தது.

அவன் விளையாடக் கூடாதுன்னு சொல்ல வரல அத்தை, விளையாடட்டும், வேற என்ன தெரியும் அவனுக்கு என்றாள். நான் மூன்றாவது மேடைப் பேருந்துக்கு அறிவிப்புச் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன். அந்தப் பேரை மட்டும் நீங்க சொல்ல வேணாம் என்றாள். எந்தப் பேரு என்று மக்கு மாதிரி கேட்டேன். மைதானத்து ஒலிபெருக்கி ஒண்ணு எங்க சமையலறையப் பாத்துத்தான் நிக்குது, நீங்க தங்கக்கைன்னு சொல்லுவீங்க, ஊரே திருப்பிச் சொல்லும், அந்தக் கை எனக்கு வேற மாதிரி தெரியும் அத்தை என்றாள். இடது காதைத் தொட்டுக் காட்டி, இது இனிமே கேக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஆனா உங்க மைக்கு மட்டும் நல்லாக் கேக்கும் என்று சிரிக்கவும் சிரித்தாள். வேற பக்கம் வீடு பாக்கலாமே கண்ணு என்றேன். நான் எதுக்கு அத்தை மாறணும் என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, வழி கேட்கிற மாதிரி கேட்டாள். அடுத்த பேருந்தை அறிவிக்கும்போது என் குரல் பிசிறிவிட்டது, வண்டியில் ஏறப்போன டிரைவர் நின்று என் ஜன்னலைப் பார்த்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில்தான் உனக்குச் சொல்லப் பதில் கிடைத்தது. குமாஸ்தா வேலைக்குத் திரும்பினால் யாரும் எழுந்து நின்று கைதட்டுவதில்லை. பத்தாயிரம் பேர் அவன் கையைப் புகழ்வதும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பான், அவ்வளவுதான். அந்தத் திரும்புதல் அவனுக்கும் இருக்கட்டும். அதற்குமேல் அவனுக்குக் கிடைக்கிறதெல்லாம் நாம் ஆசைப்பட்டுக் கொடுக்கிறது. கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க நமக்கு உரிமை உண்டு.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் செயலாளர் வரவேற்பு வாசகம் எழுதிக் கொண்டுவந்தார். மீண்டும் நம் தங்கக்கை என்று ஆரம்பித்தது. பேரும் சட்டை நம்பரும் மட்டும் படிக்கிறேன் சார் என்றேன். ஒரு வார்த்தைதானேம்மா என்றார். ஒரு வார்த்தைதானே சார், விட்டுடுங்க என்றேன். அப்ப வேற ஆளை வெச்சுத்தான் படிக்கணும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தாராளமா வைங்க, ஆனா படி ஏறும்போது நாலாவது பலகை உடைஞ்சிருக்கு, பாத்து வரச் சொல்லுங்க என்றார் உன் அப்பா. வேறு யாரும் வரவில்லை. பத்துப் பேரை எப்போதும்போல அவரவர் அடைமொழியோடு இழுத்து முழக்கிக் கூப்பிட்டேன். அவன் முறை வந்தபோது, பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி, அவன் அப்பா வைத்த பெயரையும் சட்டை நம்பரையும் மட்டும் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன். ஜனங்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். மேற்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் தானாகவே தங்கக்கை என்று கத்திப் பார்த்தது, தூக்கிவிட ஆளில்லாமல் அது அடங்கிப்போயிற்று. கை தானாகவே மைக் பொத்தானிடம் போகப் பார்த்தது என்றால் நம்புவாயா. அவன் கோல் கம்பத்தைத் தொட்டுவிட்டு, சின்ன வயதில் செய்கிற மாதிரியே மேலே நம் ஜன்னலைப் பார்த்தான். பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாமல் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது எனக்கு.

நன்றாகத்தான் ஆடினான், ஒரு கோல்கூட விடவில்லை. ஆட்டம் முடிந்ததும் பூட்ஸோடு டக்டக்கென்று படியேறி வந்தான். அப்பா வாப்பா என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பலகைகளை அடுக்க ஆரம்பித்தார். என்னம்மா, பேரை மறந்துட்டீங்களா என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டான். மறக்கலப்பா, உன் பேரைத்தான் சொன்னேன் என்றேன். சிரிப்பு போய்விட்டது. தண்டனையெல்லாம் முடிச்சுட்டுத்தான் வந்திருக்கேன் என்றான். அதான் உள்ள நிக்கிற, நான் ஒண்ணும் கேட்டைப் பூட்டலையே என்றேன். நான் மாறிட்டேம்மா, நீங்களே நம்பலன்னா வேற யாரு நம்புவாங்க என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. இருக்கலாம்பா, எனக்கு அது தெரிய நாளாகும், அவளுக்கு இன்னும் நாளாகும், அது வரைக்கும் நீ ஆடு என்றேன். அவன் படியிறங்கிப் போனான். சாப்பிட்டியா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.

அவள் என்னைப் பார்க்க வந்ததைப் பற்றி நான் அவனிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அவன் அழுவானா, இல்லை அந்தக் கோபம் அவள் பக்கம் திரும்புமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. என் கையால் சோறு போட்டு வளர்த்த பிள்ளை, அவனைப் பற்றி எனக்கு இது நிச்சயமில்லை என்று உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. நீ கேட்ட இரண்டாவது வாய்ப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அடுத்த ஆட்டத்தில் அந்த மேற்குக் கூட்டம் மறுபடி கத்தியபோது அவன் திரும்பி, வேண்டாம் என்று கையை ஆட்டினான். பாத்தியா, புரிஞ்சுக்கிட்டான் என்றார் அப்பா. நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ அவன் நண்பன், அப்படியே இரு, விட்டுவிடு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அத்தனை நேரம் பேசினாயே, அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே கண்ணா. நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். நேற்று மருந்துக்கடையில் அப்பாவின் முழங்கால் மாத்திரை வாங்கப் போனேன். மைக்குல சொன்னது கேட்டுச்சா என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன். கேட்டுச்சு அத்தை, யாரோ ஒருத்தர் பேரு மாதிரி இருந்துச்சு, நான் பாட்டுக்குச் சமையலைப் பாத்தேன் என்றாள். இதையெல்லாம் என் மகனுக்கு எழுதட்டுமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மாத்திரையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே யோசித்தாள். அவருக்கு ரொம்ப நாள் சிநேகிதமாச்சே, அவன்கிட்டச் சொல்லிட மாட்டாரே என்றாள். என் மகன் சொல்ல மாட்டான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மருமகளை நான் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் மனம் ஒத்து, நோய் நொடியில்லாமல், நீண்ட நாள் நன்றாக இருங்கள். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். அவன் உனக்குப் போன் செய்வான், செய்தால் எடுத்துப் பேசு. நான் கொடுத்த வாக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் நலத்தையே நினைத்திருக்கும்
அம்மா