பதினேழாவது கட்டத்தில் ஒரு மூச்சு

என் ஆசை அந்தோணி அண்ணே,

உன் பாட்டை மெஷின் அச்சடித்துவிட்டது! ராயபுரம் கோயில் பாடகர் குழுவுக்காக நீ எழுதின பாட்டு, மண்ணெண்ணெய்க் கறையோடு ஒரே ஒரு காகிதமாய்க் கிடந்ததே, அதேதான். கம்ப்யூட்டர் வரைந்த தாள் இப்போது என் மடியில் இருக்கிறது. அவசரமாய் எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் திட்டாதே.

நீ போன மூன்றாம் மாதம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டருக்குத் தகவலை அட்டையில் துளைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே ராகவன் சார் என்றொருவர், இசைக் குறிப்பைக் கம்ப்யூட்டரே கோடு போட்டு, இடைவெளி பார்த்து அச்சுக்கு எழுத வேண்டுமென்று ஆராய்ச்சி செய்கிறார். "எங்கண்ணன் பாட்டையும் போடுங்க சார்" என்று நச்சரித்தேன். உன் வருட நினைவுப் பூசைக்குள் அச்சாகாவிட்டால், அந்தக் கறைக் காகிதத்தை யார் படித்துப் பாடுவது? பாட்டும் உன்னோடு போய்விடுமோ என்று பயந்து கிடந்தேன்.

ஒரு சுரத்துக்கு ஓர் அட்டை, பாடாமல் நிற்கும் இடத்துக்கும் ஓர் அட்டை. பாட்டின் பதினேழாவது கட்டத்தில் மெஷின் நின்றுவிட்டது. கட்டத்துக்கு நாலு தாளத் தட்டுதான் இருக்க வேண்டும், இதில் ஐந்து இருக்கிறதாம். மூன்று முறை துளைத்துப் பார்த்தேன். "உங்க அண்ணன் தப்பா எண்ணியிருக்கார்மா. கடைசியில சும்மா நிக்கிற அந்த ஒரு தட்டை எடுத்துடலாம்" என்றார் சார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீயா தப்பாய் எண்ணுவாய்?

சாயந்திரம் வீட்டுக்கு வந்து, குழுவில் பாடும் நம் நைனாவை அந்தப் பாட்டைப் பாடச் சொன்னேன். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கி இறக்கி அவர் நெஞ்சில் மூச்சு நிற்காமல் போனது உனக்குத் தெரியுமே. சரியாக அந்த இடத்தில் நின்றார்.

"இன்னா நைனா, அங்க நிறுத்திட்ட?"

"பின்ன இன்னாடி? அங்க மூச்சு வாங்காம எப்டி பாடறது? அந்தப் பாட்டே அப்டிதான் கீது."

அடப்பாவி அண்ணே! ஒரு மனுஷனுக்காக மொத்தக் குழுவையும் ஒரு தட்டு காக்க வைத்தாயே, அவருக்கே தெரியாமல்! என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

மறுநாள் சாரிடம் போய், "தப்பு எங்கண்ணனோடது இல்ல சார், உங்க ப்ரோக்ராமோடது" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அந்தக் காகிதத்தை வாங்கி மறுபடி எண்ணிப் பார்த்தார். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து, ஐந்து தட்டுக் கட்டத்தையும் மெஷின் ஏற்கும்படி மாற்றினார். அப்புறம் ஓடியது பார், மெஷினில் மாட்டியிருந்த பேனா! கோடு, புள்ளி, வால்... பதினேழு வந்ததும் மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நிற்கவில்லை அண்ணே! "போட்டுச்சு சார்!" என்று நான் கத்தியதில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

நேற்று உன் பூசையில் எல்லாரும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பாடினார்கள். நைனாவுக்குக் கோடும் புள்ளியும் தெரியாதே, பூசை முடிந்ததும் விரல் வைத்துக் காட்டினேன். "இதான் நைனா நீ நிக்கிற எடம்." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"பார்ரா! மெஷினுக்குக் கூட அங்க மூச்சு வாங்குது."

அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நைனா பத்திரிகை படிப்பவர் இல்லை என்ற தைரியத்தில்தான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். மூன்று முறை துளைத்ததில் மிஞ்சிய, அந்தத் தட்டுக்கான அட்டை ஒன்றை என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். யார் எத்தனை முறை அச்சடித்தாலும், அந்தத் தட்டை மட்டும் எடுக்க விடமாட்டேன்.

உன் வாயாடித் தங்கை,
ஸ்டெல்லா