கணக்கப்பிள்ளை எங்கே நின்றார்?

1981 ஒக்டோபர் 5, திங்கள்

தலைமையாசிரியர் பொன்னையா சாரிடம் இன்று நான் சொல்லாதது: "பிள்ளைகளுக்கு விளங்கும், சார்."

அவர் சொன்னது: "கதைசொல்லி, பின்புலம், பாத்திரம்... தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு டீச்சர்? நீதிய எழுதினா மார்க்ஸ் வரும். வெள்ளிக்கிழம வந்து பாக்குறேன். சரிவரலனா இலக்கிய நேரத்த கணக்குக்குக் குடுத்துருவோம்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஒக்டோபர் 7, புதன்

பாடக் கதையை, தோட்டத்தில் ஆட்களிடம் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ஒருவர் சொல்கிறார். வேலம்மா மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பை அணைக்காமல் தூங்கினாள், தொழிலாளர் குடியிருக்கும் லயம் எரிந்தது. எல்லாரும் நீதியாக 'கவனம் வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். இதை யார் சொல்வது, எங்கே நின்று சொல்வது என்று கேட்டேன்.

கடைசி வாங்கில் இருந்த மார்கிரட் எழுந்தாள். "டீச்சர், அந்நேரம் ஆத்துக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்னு அவரே சொல்றாரே. லாம்ப எப்படிப் பாத்தாரு?"

புரட்டினேன். இருக்கிறது! எத்தனை தடவை வாசித்த கதை. கதைசொல்லிக்கு வரைவிலக்கணம் எழுதிப் போட்டேன், அவ்வளவுதான். அவள் அதை வைத்துக் கதையையே திறந்துவிட்டாள்.

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. இந்த ஆவணியில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் மார்கிரட்டின் லயமும் எரிந்தது. லயத்துக்காரர்களே தீ வைத்துக்கொண்டார்கள் என்று பலாபத்வல பஸ்ஸில் என் காதுபடச் சொன்னார்கள். சொன்னவர்கள் எங்கே நின்றார்கள்?

ஒக்டோபர் 8

நாளை அவள் வாய் திறந்தால்? திறக்காவிட்டால்?

ஒக்டோபர் 9, வெள்ளி

திறந்தாள். புதன்கிழமை கேட்டதையே சார் முன்னாலும் கேட்டாள்; அவருக்குப் பொறுக்கவில்லை. அவருடைய அப்பாவும் கணக்கப்பிள்ளைதான்.

"கணக்கப்பிள்ள பொய் சொல்வாரா புள்ள?"

"பொய்னு சொல்லல சார். பாக்கலன்னுதான் சொல்றேன்."

"பாத்தவங்க ஒருத்தரும் இதுல பேசவே இல்ல சார்," என்றான் மாடசாமி. "சார் கணக்கப்பிள்ள கட்சியா?"

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. மணி அடித்தும் எழவில்லை. பிறகு என் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போச்சு. என் பாடம் போச்சு.

ஆனாலும் அந்தப் பிள்ளைகள்... கடவுளே, எப்படி வாசிக்கிறார்கள்!

நவம்பர் 2, திங்கள்

புது நேரசூசி ஒட்டியிருக்கிறது. எனக்கு மூன்றாம் வகுப்பு, வாய்ப்பாடு. இலக்கியத்துக்கு நேரே பொன்னையா சாரின் பெயர்.

சின்னதுகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லி ஓய்ந்தபோது, வகுப்புகளைப் பிரிக்கும் தட்டிக்கு அப்பாலிருந்து அவர் குரல் கேட்டது.

"மொதல்ல இதச் சொல்லுங்க. இந்தக் கதைய யாரு சொல்றது?"